தாழ்ந்த காரும் தாழ்ந்த வேலையும்

பழைய கார் ஒன்று தரையை உரசுவதுபோல் தாழ்ந்து தெருவில் போனால், நம்மவருள் பெரும்பாலோர் முகத்தைச் சுளிக்கின்றனர். "பொறுப்பற்ற பிள்ளைகள்" என்று ஒரே சொல்லில் தீர்ப்பு எழுதிவிட்டு அப்பால் போய்விடுகின்றனர். அந்தக் காரை ஓட்டும் இளைஞனோ, சக்கரத்துக்கும் அதன் மேல் விளிம்புக்கும் இடையே விரல் நுழைய இடமில்லை என்பதையே தன் வாழ்நாள் சாதனையாகக் கருதி மகிழ்கிறான். பழிப்பவரும் மகிழ்பவரும் எதிரெதிர் முகாமில் நிற்பதாகத் தோன்றலாம். ஆனால் இருவரும் பார்ப்பது காரின் உயரத்தை மட்டுமே. அந்த உயரம் எவ்வாறு குறைக்கப்பட்டது, குறைத்த பின் உள்ளே என்ன மிஞ்சியிருக்கிறது என்று இருவரும் கேட்பதில்லை.

கேட்கவேண்டிய கேள்வி அதுதான். காரைத் தாழ்த்துவது குற்றமன்று. சுருள்வில்லைக் குறைத்துவிட்டு, அதனோடு இணைந்து உழைக்கவேண்டிய அப்சோர்பரைப் பழைய நீளத்திலேயே விட்டுவிட்டு, பாதி வேலையை முழு வேலை என்று சொல்லிக் கூலி வாங்குவதே குற்றம். அந்தப் பாதி வேலையைக் கேட்டு வாங்கிக்கொள்வதும் குற்றமே. இக்கட்டுரை அவ்விரு குற்றங்களையும் எதிர்த்து எழுதப்படுகிறது.

இலக்கிய அன்பர்கள் கூடும் இடத்தில் இரும்பையும் எண்ணெயையும் பற்றி என்ன பேச்சு என்று சிலர் வினவக்கூடும். வள்ளுவர் வண்டியின் அச்சை உவமையாக்கக் கூசவில்லை. நம் பிள்ளைகள் எத்தனையோ பேர் பட்டறைகளில் கை கறுக்க உழைத்துப் பிழைக்கின்றனர். எத்தனையோ பேர் முதற்சம்பளத்தில் ஒரு பழைய காரை வாங்கி அதன்மேல் உயிரையே வைத்திருக்கின்றனர். அவர்களுடைய தொழிலையும் உயிரையும் பற்றித் தமிழில் பேசத் தமிழ் எழுத்தாளன் கூச்சப்பட்டால், அந்தக் கூச்சத்துக்கு இலக்கியம் என்று பெயரிட முடியாது.

முதலில் பொருளைத் தெளிவாக்கிக்கொள்வோம். காரின் சக்கரம் மேட்டில் ஏறும்போது, பட்டறைகளில் ஸ்பிரிங் என்று வழங்கும் சுருள்வில் சுருங்கி அந்த எழுச்சியை வாங்கிக்கொள்கிறது. பின்பு விரிந்து, வாங்கியதைத் திருப்பித் தருகிறது. வில்லை மட்டும் நம்பி விட்டுவிட்டால் கார் தொட்டிலைப்போல் ஆடிக்கொண்டே இருக்கும். அந்த ஆட்டத்தை அடக்குவது அப்சோர்பர். எண்ணெய் நிறைந்த உருளைக்குள் ஒரு பிஸ்டன் ஓடுகிறது. சிறு துளைகளின் வழியே எண்ணெய் நெருக்கப்பட்டு நுழைகிறது. அசைவின் ஆற்றல் வெப்பமாகிக் கழிகிறது. சுமப்பது வில், அடக்குவது அப்சோர்பர். இரண்டும் ஒரே ஏரில் பூட்டிய இரண்டு மாடுகள். ஒன்றின் காலை மட்டும் குட்டையாக்கிவிட்டு உழவு நேராக வரும் என்று எந்த உழவனும் எதிர்பார்ப்பதில்லை.

அமெரிக்கப் பொறியியலாளரான மெக்ஃபர்சன் என்பவர் இவ்விரண்டையும், சக்கரத்தைத் தாங்கும் முனையையும் சேர்த்து ஒரே தூணாக அமைத்தார். 1950இல் இங்கிலாந்தில் ஃபோர்டு நிறுவனம் வெளியிட்ட கான்சல், ஸெஃபிர் கார்களில் அவ்வமைப்பு இடம்பெற்றது. ஸ்ட்ரட் என்று நாம் சொல்வது அதுவே. பிற்காலத்தில் சிறு கார்களில் பெரும்பாலானவை முன்சக்கரங்களுக்கு அதையே ஏற்றுக்கொண்டன. 1979இல் வெளிவந்த டொயோட்டா கொரோல்லா கே.இ.70 அவற்றுள் ஒன்று. இந்நாட்டில் கொரோல்லா டி.எக்ஸ். என்றால் தெரியாதவர் குறைவு. முன்புறம் ஸ்ட்ரட், பின்புறம் சுருள்வில்லின்மேல் அமர்ந்த ஒற்றை அச்சு, பின்சக்கர இயக்கம் என்பது அதன் அமைப்பு. 1983 முதல் 1987 வரை உருவான ஏ.இ.86 என்ற காருக்கு அது ஒருவகையில் மூத்த உடன்பிறப்பு. உறுப்புகள் பல ஒன்றுக்கொன்று பொருந்தும். 1995இல் தொடங்கிய இனிஷியல் டி என்னும் ஜப்பானியச் சித்திரக்கதை அந்த ஏ.இ.86ஐ உலகப்புகழ் பெறச் செய்தது. அந்தப் புகழின் நிழல் கே.இ.70இன் மீதும் விழுந்தது. பாட்டனார் காலத்துக் கார் பேரனின் கனவாயிற்று.

இத்தகைய பழைய ஸ்ட்ரட்டின் தூண் ஒரு வெற்றுக் குழாய். அதற்குள் அப்சோர்பர் தனி உருளையாகச் செருகப்பட்டு, மேலே ஒரு பெரிய திருகுமூடியால் இறுக்கப்படுகிறது. செருகப்படும் அந்த உருளையைத்தான் இன்சர்ட் என்று கடையில் கேட்டு வாங்குகிறோம். நம் விவாதம் முழுவதும் அந்த இன்சர்ட்டின் நீளத்தைப் பற்றியதே.

இனி, ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். புரிதலுக்காக எளிய எண்களை எடுத்துக்கொள்கிறேன். காருக்குக் கார் இவை மாறும். ஒரு முன்சக்கரத்தின் வில் 250 கிலோ சுமக்கிறது என்று கொள்வோம். 2 கிலோ சுமைக்கு 1 மில்லிமீட்டர் சுருங்கும் வில் அது. ஆகவே கார் நிற்கும்போது வில் 125 மில்லிமீட்டர் சுருங்கியிருக்கும். அப்சோர்பரின் மொத்த ஓட்டம் 150 மில்லிமீட்டர். அதில் சக்கரம் மேலே எழ 80, கீழே தொங்க 70 என்று பிரிந்திருக்கிறது. இப்போது வில்லைக் குறைத்துக் காரை 50 மில்லிமீட்டர் தாழ்த்துகிறோம், இன்சர்ட்டைத் தொடவில்லை. என்ன நேர்கிறது? மேலே எழுவதற்கு எஞ்சியது 30 மில்லிமீட்டர்தான். கீழே தொங்குவதற்கோ 120 மில்லிமீட்டர் வாய்த்துவிட்டது. வேண்டிய இடத்தில் வறுமை. வேண்டாத இடத்தில் வளமை.

அந்த 30 மில்லிமீட்டரின் பொருளை எண்ணிப் பாருங்கள். வில் தன்னுள் வாங்கும் ஆற்றல், அது சுருங்கும் தூரத்தின் இருமடியைப் பொறுத்தது. தூரம் பாதியானால், அதே குலுக்கலைத் தாங்க வில் நான்கு மடங்கு விறைப்பாக இருக்கவேண்டும். 80 என்பது 30 ஆனால் ஏறத்தாழ ஏழு மடங்கு வேண்டும். ஏழு மடங்கு விறைத்த வில்லை எவரும் போடுவதில்லை. போட்டால் அது கார் அன்று, கட்டை வண்டி. ஆகவே வில் வாங்க முடியாத அடி முழுவதும் ரப்பர் தடுப்பின்மேல் விழுகிறது; ரப்பர் நசுங்கிய பின் இரும்பின்மேல் விழுகிறது; இரும்பிலிருந்து காரின் உடலில் ஸ்ட்ரட் தாங்கி நிற்கும் மேற்கூட்டுக்குப் போகிறது. நாற்பது ஆண்டு மழையில் நனைந்து, துரு உள்ளே தின்ற தகடு அது. அங்கே விரிசல் விழுந்த பின் எந்த இன்சர்ட்டும் உதவாது.

ரப்பர் தடுப்பு இடிக்கிறது என்பதற்காக அதையே வெட்டி எறிந்துவிடும் மேதைகளும் இருக்கின்றனர். தடுப்பு எதற்காக இருக்கிறது? பிஸ்டன் உருளையின் அடியில் உள்ள வால்வின்மேல் மோதாமல் காப்பதற்காக. காவல்காரனை வேலையை விட்டு நீக்கிவிட்டு, வீட்டில் களவு போயிற்று என்று புலம்புவது என்ன நியாயம்? புதிதாகப் போட்ட அப்சோர்பர் சில மாதங்களில் எண்ணெய் கசிந்து செத்துப்போனால், "இந்தக் காலத்துச் சாமானே மட்டம்" என்று தயாரித்தவனைத் திட்டுகிறோம். கொன்றவன் யார் என்பதை மட்டும் விசாரிப்பதில்லை.

கீழே தொங்கும் 120 மில்லிமீட்டரில் இன்னோர் ஆபத்து ஒளிந்திருக்கிறது. இதை அறிய, வில் எவ்வாறு குறைக்கப்பட்டது என்று பார்க்கவேண்டும். ஆறு சுற்று உழைக்கும் வில்லில் இரண்டு சுற்றை வெட்டினால் எஞ்சியவை நான்கு. சுற்றுகள் குறையக் குறைய வில் விறைக்கும் என்பது விதி; ஆறுக்கு நான்கு என்றால் விறைப்பு ஒன்றரை மடங்காகிறது. 2 கிலோவுக்கு 1 மில்லிமீட்டர் சுருங்கிய வில், இப்போது 3 கிலோவுக்குத்தான் அவ்வளவு சுருங்கும். 250 கிலோ சுமைக்கு அது சுருங்கியிருப்பது 83 மில்லிமீட்டர். சக்கரமோ 120 மில்லிமீட்டர் தொங்கலாம். ஆக, சக்கரம் முழுவதும் தொங்கும் வேளையில் 37 மில்லிமீட்டர் தூரம் வில் எதனாலும் இறுக்கப்படாமல் தளர்ந்து நிற்கிறது. தாப்பாவிலிருந்து கேமரன் மலைக்கு ஏறும் பாதையில் வளைவுக்கு வளைவு உட்சக்கரம் சுமை இழந்து தொங்கும். அப்படித் தொங்கும் ஒரு கணத்தில் வில் தன் இருக்கையைவிட்டு விலகி, மறுகணம் கோணலாக அமர்ந்தால் என்ன ஆகும் என்பதை நான் விவரிக்க வேண்டியதில்லை. காரை ஜாக்கியில் தூக்கியவுடன் கையால் வில்லைச் சுழற்ற முடிகிறதா என்று ஒவ்வொருவரும் தத்தம் காரில் சோதித்துப் பார்க்கலாம். சுழன்றால், அது வில் அன்று. காருக்குள் தொங்கும் வளையல்.

ராபர்ட் ஹூக் என்னும் ஆங்கிலேய அறிஞர் வில்லின் விதியை 1678இல் வெளியிட்டார். மூன்று நூற்றாண்டுகளுக்கு மேலாக ஊரறிந்த உண்மை அது. அதை அறியாமல் வெட்டுக்கருவியைக் கையில் எடுப்பதற்கு இனி எந்தச் சாக்கும் இல்லை. வெட்டுவதைவிடக் கொடியது ஒன்றுண்டு. வாயு நெருப்பால் வில்லைச் சிவக்கச் சுட்டு, காரின் சுமையாலேயே அதை அமிழ வைப்பது. வில்லுக்கு வில் என்ற தன்மையைத் தருவதே தொழிற்சாலையில் அளந்து கொடுத்த பதம். நெருப்பு பட்ட இடத்தில் அந்தப் பதம் போய்விடுகிறது. சுட்ட வில் என்றைக்கு மேலும் தொய்யும், என்றைக்கு முறியும் என்று சுட்டவனுக்கும் தெரியாது. இதைச் செய்யும் பட்டறை எதுவாயினும் அது பட்டறை என்ற பெயருக்குத் தகுதியற்றது.

அப்படியானால் செய்யவேண்டியது என்ன? தாழ்ந்த உயரத்துக்கென்றே சுருட்டப்பட்ட வில்லை வாங்கவேண்டும். அதன் இரு முனைகளும் இருக்கையில் ஒழுங்காகப் பொருந்தவேண்டும். அதற்கேற்பக் குட்டையான இன்சர்ட்டைத் தேடவேண்டும். இதுவரை பலரும் வந்துவிடுகின்றனர். இதற்கு மேல்தான் வழுக்குகின்றனர். குட்டை இன்சர்ட்டை வாங்கி, பழைய நீளக் குழாயின் அடியில் ஒரு துண்டுக் குழாயை முட்டுக்கொடுத்து, அதன்மேல் இன்சர்ட்டை நிறுத்தித் திருகுமூடியை இறுக்கிவிட்டால் வேலை முடிந்தது என்று நினைக்கின்றனர். அது பாதியில் பாதி. தண்டு குட்டையாவதால் தொங்கும் தூரம் குறையும். வில் தளர்வது நிற்கும். பிஸ்டனும் தன் உருளைக்குள் உரிய இடத்துக்கு வரும். இவை நன்மைகளே. ஆனால் குழாயின் உச்சி இருந்த இடத்திலேயே இருப்பதால், அதற்கும் மேற்கூட்டுக்கும் இடையே எஞ்சிய 30 மில்லிமீட்டர் 30ஆகவே இருக்கிறது. சக்கரம் மேலே எழும் உரிமையைத் திரும்பப் பெறவேண்டுமானால், குழாயையும் 50 மில்லிமீட்டர் குறைக்கவேண்டும். அப்போதுதான் மேலே 80, கீழே 70 என்ற பழைய பங்கீடு மீள்கிறது. தொங்கும் 70ஐவிட வில் சுருங்கியிருக்கும் 83 அதிகம் என்பதால் வில்லும் இறுக்கமாகவே நிற்கும். பின்பு டயர் மேல்வளைவில் உரசாதவாறு ரப்பர் தடுப்பின் உயரத்தை அளந்து வைக்கவேண்டும்.

குழாயை வெட்டிப் பற்றவைப்பது கைத்திறனும் மனச்சாட்சியும் வேண்டும் வேலை. உள்ளிருக்கும் எண்ணெயை முற்றிலும் வடித்துத் துடைக்காமல் நெருப்பை அருகில் கொண்டுபோனால் பட்டறையே எரியும். வெட்டிய இரு துண்டுகளும் ஒரே நேர்கோட்டில் நிற்காவிட்டால் தண்டு ஒருபக்கமாகத் தேய்ந்து, புது இன்சர்ட் விரைவில் கிழடாகும். பற்றவைத்த இடம் காரின் முன்பாரத்தையும் பிரேக்கின் இழுப்பையும் வாழ்நாள் முழுவதும் தாங்கவேண்டும். தகுதி பெற்ற பற்றவைப்பாளரிடம் அன்றி வேறெவரிடமும் இதைக் கொடுத்தல் ஆகாது. இன்சர்ட்டுக்கும் குழாய்க்கும் இடையே உள்ள சந்தில் சிறிது எண்ணெய் ஊற்றி மூடுவதும் அறிந்தோர் வழக்கம். உள்ளே பிறக்கும் வெப்பம் குழாய்ச் சுவருக்குப் பாய அது உதவும். ஊற்றினானா இல்லையா என்று மூடிய பின் எவருக்கும் தெரியாது. தெரியாத இடத்திலும் செய்பவனே தொழிலாளி.

நீளம் பொருந்தினால் எல்லாம் பொருந்திற்று என்று கொள்வதும் பிழை. 1984 முதல் 1989 வரை உருவான டொயோட்டா எம்.ஆர்.2 காரின் குட்டை இன்சர்ட்டைக் கொரோல்லாக் குழாயில் செருகுவோர் பல நாடுகளில் உண்டு. குழாய்க்குள் போகிறது என்பது உண்மை. ஆனால் எம்.ஆர்.2இன் எஞ்சின் இருக்கைகளுக்குப் பின்னே இருக்கிறது. கொரோல்லாவின் எஞ்சின் முன்னே இருக்கிறது. ஒவ்வொரு சக்கரமும் தாங்கும் சுமை வேறு. அச்சுமைக்கென அமைந்த அடக்கும் திறனும் வேறு. மேலும், வில் ஒன்றரை மடங்கு விறைத்தால், அதே ஒழுங்கில் ஆட்டத்தை அடக்க அப்சோர்பரின் திறனும் ஏறத்தாழ 22 விழுக்காடு உயரவேண்டும். மெலிந்த அப்சோர்பரோடு விறைத்த வில்லைச் சேர்த்தால், கார் சாலையைப் பற்றுவதற்குப் பதிலாகச் சாலையின்மேல் துள்ளும். பார்வைக்குப் பந்தயக் கார், பாதத்துக்குப் பந்து. "இன்ன காரின் இன்சர்ட் போகுமாம்" என்ற செவிவழிச் செய்தியோடு நிறுத்தாமல், அது எந்தச் சுமைக்கு, எந்த வில்லுக்கு, எவ்வளவு ஓட்டத்துக்கு என்று கேட்டு அளந்து வாங்குவதே அறிவுடைமை.

தாழ்த்திய பின் பக்கத்து உறுப்புகளும் தத்தம் இடம் மாறுகின்றன. முன்சக்கரத்தைக் கீழே பிடித்திருக்கும் லோவர் ஆர்ம், சக்கரத்தை நோக்கிச் சற்றே கீழ்ச்சரிவாக இருக்கவேண்டும். காரை மிகத் தாழ்த்தினால் அச்சரிவு தலைகீழாகிறது. கார் திரும்பும்போது உடல் சாயும் மையம், காரின் பாரமையம் தாழ்ந்ததைவிட அதிகமாகத் தாழ்ந்துபோகிறது. பாரமையத்தைத் தாழ்த்தினோம், ஆகவே கார் சாயாது என்று மார்தட்டியவனின் கார், வளைவில் முன்னிலும் அதிகம் சாய முற்படுகிறது. இதைச் சரிசெய்ய ஸ்ட்ரட்டின் அடிக்கும் ஸ்டீயரிங் கைக்கும் இடையே தடித்த துண்டு வைப்பார்கள். பின்புறத்திலும், அச்சைப் பக்கவாட்டில் பிடித்திருக்கும் குறுக்குத் தண்டு தன் வளைவிலேயே அச்சை ஒருபுறம் தள்ளிவிடும். நீளம் மாற்றக்கூடிய தண்டு போட்டு அச்சை நடுவுக்குக் கொண்டுவரவேண்டும். சில கார்களில் பின் பிரேக்கின் அழுத்தத்தை நிர்ணயிக்கும் வால்வு, காரின் உயரத்தைக் கொண்டே சுமையைக் கணிக்கிறது. காரைத் தாழ்த்தினால், சுமை ஏறியிருப்பதாக எண்ணிப் பின் பிரேக்கை அது கூடுதலாக இறுக்கும். மழைச்சாலையில் பின்சக்கரம் பூட்டிக்கொள்ளும். விளக்கின் ஒளி விழும் இடம் மாறும். சக்கரங்களின் கோணம் மாறும். இவை அத்தனையையும் சரிபார்த்த பின்பே சாவியை உரியவர் கையில் கொடுக்கவேண்டும்.

"இவ்வளவுக்கும் பணத்துக்கு எங்கே போவது?" என்பது முதல் மறுப்பு. பழைய காரை வாங்கியவன் பணக்காரன் அல்லன் என்பது எனக்கும் தெரியும். ஆனால் அந்த மறுப்பைச் சொல்பவரின் காரைச் சுற்றி ஒருமுறை நடந்து பாருங்கள். அகன்ற அலுமினியச் சக்கரம் இருக்கும். பெருங்குரல் எழுப்பும் புகைக்குழாய் இருக்கும். டிக்கியை அடைத்துக்கொண்டு ஒலிபெருக்கி இருக்கும். கண்ணுக்குத் தெரிவதற்கெல்லாம் பணம் இருந்தது. கண்ணுக்குத் தெரியாத குழாய்க்குள் போகும் இன்சர்ட்டுக்கு மட்டும் பணம் இல்லாமற் போயிற்று. வறுமை அதற்குக் காரணமன்று; முன்னே வைத்ததும் பின்னே வைத்ததும் தவறிய வரிசையே காரணம். பணம் உண்மையிலேயே போதவில்லையா? கார் தொழிற்சாலை வைத்த உயரத்திலேயே ஓடட்டும். உயரமாக ஓடும் கார் எவருக்கும் இழிவன்று.

"அண்ணே, ஐந்து வருடமாக இப்படித்தான் ஓட்டுகிறேன், ஒன்றும் ஆகவில்லையே" என்பது இரண்டாவது மறுப்பு. ஒன்றும் ஆகவில்லை என்பது அவருடைய அறிவுக்குக் கிடைத்த சான்றிதழ் அன்று. அவருக்கு முன்னே ஓடிய சாலைகள் காட்டிய கருணை. அவர் அன்றாடம் போகும் பாதையில் எங்கே குழி, எங்கே மேடு என்று அவருக்கு மனப்பாடம். அங்கெல்லாம் ஆமைபோல் ஊர்கிறார். தெரியாத பாதையில், அடைமழையில், தண்ணீர் மூடிய குழி ஒன்றின்மேல், பின்னிருக்கையில் தாயும் தங்கையும் அமர்ந்திருக்க, 90 கிலோமீட்டர் வேகத்தில் போகும் ஒருநாள்தான் சோதனை நாள். அந்தத் தேர்வை இரண்டாம் முறை எழுத எல்லாருக்கும் வாய்ப்புக் கிடைப்பதில்லை.

"பந்தயக் கார்கள் தாழ்ந்துதானே இருக்கின்றன?" என்பது மூன்றாவது மறுப்பு. ஆம். 1968இல் திறக்கப்பட்ட பத்து தீகா ஓடுதளத்தில் ஓடிய கார்களும் தாழ்ந்திருந்தன. 1999இல் திறக்கப்பட்ட சிப்பாங் ஓடுதளத்தில் ஓடும் கார்களும் தாழ்ந்திருக்கின்றன. ஆனால் பந்தயத் தடத்தின் நடுவே வேகத்தடை மேடு கிடையாது. பள்ளிக்கு எதிரே, பள்ளிவாசலுக்கு எதிரே, கோயிலுக்கு எதிரே, குடியிருப்புச் சந்து தோறும் மேடு எழுப்பிய நாடு இது. பந்தயக் காரின் வில்லும் அப்சோர்பரும் ஒன்றுக்கொன்று அளந்து அமைக்கப்பட்டவை. ஓடி முடித்தபின் பிரித்துப் பார்க்கப்படுபவை. பந்தயக்காரனின் உயரத்தை மட்டும் கடன் வாங்கி, அவனுடைய அளவுகோலை அவனிடமே விட்டுவிட்டு வந்தவன் பந்தயத்தைப் பற்றிப் பேசக்கூடாது.

இனி, முகம் சுளிக்கும் பெரியவர்களிடம் வருகிறேன். "இவற்றையெல்லாம் ஒரேயடியாகத் தடைசெய்துவிட்டால் என்ன?" என்கிறீர்கள். சட்டம் இல்லாமலா போயிற்று? 1959ஆம் ஆண்டு முதலே வாகனங்களின் அமைப்பையும் பயன்பாட்டையும் பற்றிய விதிகள் இந்நாட்டில் உள்ளன. 1987ஆம் ஆண்டின் சாலைப் போக்குவரத்துச் சட்டம் உள்ளது. சாலைப் போக்குவரத்துத் துறை கண்காணிக்கிறது. மாற்றம் செய்ய விரும்புவோர் அத்துறையிடம் முன்கூட்டியே கேட்டுத் தெளிந்துகொள்வதும், காப்புறுதி நிறுவனத்துக்குத் தெரிவிப்பதும் கடமை. அதை நான் மறுக்கவில்லை. ஆனால் வெறும் தடையைக் கேட்டுக் கூக்குரலிடுவதால், நல்ல வேலை செய்பவனும் கெட்ட வேலை செய்பவனும் ஒரே தட்டில் நிறுத்தப்படுகின்றனர். இருவருக்கும் ஒரே பழி என்றால், அளந்து செய்பவன் எதற்காக அளக்கவேண்டும்? மறைவில் வெட்டுபவனுக்கே அது இலாபம்.

இன்னொன்றையும் பெரியவர்கள் சிந்திக்கவேண்டும். நாற்பது ஆண்டுக்கு முந்திய கார் ஒன்றைக் குப்பைமேட்டிலிருந்து மீட்டு, அதன் ஒவ்வோர் உறுப்பையும் கழற்றி, கழுவி, தேடி, பொருத்தி ஓடவைக்கும் இளைஞனிடம் பொறுமை இருக்கிறது, ஆர்வம் இருக்கிறது, கற்கும் பசி இருக்கிறது. பள்ளிக்கூடத்தில் இயற்பியல் கசந்தவனுக்கு வில்லின் விறைப்பு இனிக்கிறது. அந்தப் பசிக்கு நாம் என்ன உணவு தந்தோம்? பழிச்சொல் தந்தோம். அவன் பட்டறை வாசலில் கேட்டதை வேதமாகக் கொண்டதற்கு, வேறெதையும் அவன் மொழியில் எவரும் எழுதித் தராததும் ஒரு காரணம். திரைப்பட நடிகரின் பிறந்தநாளுக்கு ஒதுக்கும் பக்கங்களில் ஒன்றை, ஸ்ட்ரட்டையும் இன்சர்ட்டையும் விளக்க நம் இதழ்கள் ஒதுக்கினால் குறைந்தா போய்விடும்? ஆலய மண்டபத்திலும் இளைஞர் மன்றத்திலும் மாதம் ஒருமுறை அனுபவமிக்க மெக்கானிக் ஒருவரை அழைத்து, ஒரு காரைத் தூக்கிவைத்துப் பாடம் சொல்லச் செய்வது, அரசியல்வாதிக்கு மாலை போடுவதைவிட எவ்வகையில் தாழ்ந்தது?

பட்டறை நடத்தும் அண்ணன்மாரிடம் ஒரு சொல். "தம்பி, இரண்டு சுற்று வெட்டிவிடுகிறேன், அரைமணி நேர வேலை" என்று சொல்வது எளிது. "தம்பி, இன்சர்ட்டும் குழாயும் மாற்றாமல் நான் தொடமாட்டேன்" என்று சொல்வது கடினம். வந்தவன் பக்கத்துப் பட்டறைக்குப் போய்விடுவான் என்ற அச்சம் இருக்கும். போகட்டும். வாடிக்கையாளன் எதைக் கேட்டாலும் செய்து தருபவன் கடைக்காரன். எதைச் செய்யக்கூடாது என்று சொல்லத் தெரிந்தவனே தொழில் வல்லவன். ரசீதில் வில், இன்சர்ட், குழாய் குறைத்தது, சக்கரக் கோணம் சரிசெய்தது என்று ஒவ்வொன்றையும் தனித்தனியே எழுதிக் கையெழுத்திடுங்கள். எழுதக் கூசும் வேலையைச் செய்யாதீர்கள்.

காரை ஒப்படைக்கும் இளைஞனுக்கும் ஒரு சொல். தம்பி, "எவ்வளவு இறக்குவீர்கள்?" என்பது உன் முதற்கேள்வியாக இருக்கவேண்டாம். சக்கரம் மேலே எழ எத்தனை மில்லிமீட்டர் எஞ்சும் என்று கேள். முழுவதும் தொங்கும்போது வில் இறுக்கமாக நிற்குமா என்று கேள். இந்த இன்சர்ட் இந்த வில்லுக்கு ஏற்றதா என்று கேள். மூன்றுக்கும் எண்ணால் விடை சொல்பவரிடம் காரைக் கொடு. சிரித்து மழுப்புபவரிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டு திரும்பி வா. காசு மிச்சம்; காரும் மிச்சம்; உயிரும் மிச்சம்.